இழவும் அச்சமும்: மேரி ஷெல்லி, புதுமைப்பித்தன் ஆகியோர் எழுத்தில் தனித்துயரின் தடம்

உள்ளத்து உணர்ச்சி உடல்வழிப் புலப்படுமாற்றைத் தொல்காப்பியர் மெய்ப்பாடு என்று பெயரிட்டு எட்டாக வகுத்தார். அவ்வெட்டனுள் அழுகையும் ஒன்று, அச்சமும் ஒன்று. அழுகை பிறக்கும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு; அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு. இழவாவது தாய் தந்தையரையும் மக்களையும் பிற இன்பப் பொருள்களையும் இழத்தல். அணங்காவது கண்ணுக்குப் புலனாகாது நின்று வருத்தும் தெய்வமும் பேயும் முதலாயின. இவ்வகுப்பின்படி இழந்தவர் அழுவர். அணங்கினைக் கண்டவர் அஞ்சுவர். இரண்டும் தனித்தனி வாயில்கள்.

இவ்விரு வாயில்களும் ஒன்றாகும் இடம் ஒன்று உலக இலக்கியத்தில் உண்டு. அதனை மேனாட்டார் கோதிக் இலக்கியம் என்பர். பாழடைந்த மாளிகை, நள்ளிரவு, கல்லறை, இறந்தோர் எழுந்து வருதல், காரணம் விளங்காத திகில் என்பன அதன் கருவிகள். ஹொறேஸ் வால்போல் என்பார் 1764ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட ஒற்றாந்தோ மாளிகை என்னும் நவீனமே அதன் முதல் நூல் என்பது பெரும்பான்மையோர் கொள்கை. அதன் இரண்டாம் பதிப்பிலே அவர் தம் கதையைக் கோதிக் கதை என்று குறித்தமையால் அப்பெயர் அவ்வகை எழுத்துக்கு நிலைத்தது. இவ்வகை எழுத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாரும் உளர். எனினும் அதனை எழுதியோர் சிலருடைய வாழ்க்கை வரலாற்றை ஆண்டு முறைப்படி நோக்குவார்க்கு, அச்சத்தின் அடியில் இழவு இருத்தல் புலனாகும். அவ்விழவு எவ்வாறு அச்சமாக மாறுகின்றது என்பதே இக்கட்டுரை ஆராய விழையும் பொருள்.

ஆராயப் புகுமுன் ஓர் எச்சரிக்கை வேண்டும். எழுத்தாளரின் வாழ்வை எடுத்து எழுத்தின்மேல் ஏற்றிக் கூறுதல் எளிது, மெய்ப்பித்தல் அரிது. இதற்குத் தமிழிலேயே தக்க சான்று காரைக்காலம்மையார். கணவனாற் கைவிடப்பட்டமையால் உடலழகை உதறிப் பேய்வடிவு வேண்டிப் பெற்றார் என்பது சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டிற் கூறும் வரலாறு. அம்மையாரோ அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டவர். திருவாலங்காட்டுச் சுடுகாட்டையும் ஆங்கு வாழும் பேய்களையும் அவர் பாடிய பதிகங்கள் உள்ளன. தம்மைக் காரைக்காற் பேய் என்று அவர் கூறிக்கொள்வதும் உண்டு. கணவனைப் பற்றிய குறிப்பு அப்பாடல்களில் இல்லை. அவர்தம் பாடல்களிலே காணப்படும் மயானக் காட்சிக்குக் கணவனின் பிரிவே காரணம் என்று நாம் முடிவு செய்வோமாயின், பிற்காலத்தார் கூறிய வரலாற்றை முற்காலத்துப் பாடலுக்குக் காரணமாக்கியவர் ஆவோம். எனவே இழப்பு முந்தியதோ எழுத்து முந்தியதோ என்று ஆண்டும் திங்களும் பார்த்துத் தெளிதல் வரலாற்றாசிரியனின் முதற் கடமையாகும்.

அவ்வாறு ஆண்டும் திங்களும் நாளும் பார்த்துத் தெளியத்தக்க அளவுக்குச் சான்றுகள் கிடைக்கும் ஒருவர் மேரி ஷெல்லி. பிராங்கன்ஸ்ரைன் என்னும் அவருடைய நவீனம் கோதிக் நூல்களுள் உலகெங்கும் பெயர்பெற்றது. தமிழ் வாசகர்க்கும் அது புதிதன்று. சிறுகதை மன்னர் எனப் போற்றப்படும் புதுமைப்பித்தன் அதனைப் பிரேத மனிதன் என்னும் பெயரால் தமிழிலே தந்தார். ஆங்கில நூல்கள் பலவற்றைக் கற்ற ஒருவர் இந்நூலைத் தேர்ந்தெடுத்தமை கருதத்தக்கது. அவ்விருவர் வாழ்விலும் காணப்படும் ஒற்றுமையைப் பின்னர்க் கூறுவோம்.

மேரி 1797ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30ஆந் திகதி இலண்டனிற் பிறந்தார். தந்தை வில்லியம் கொட்வின் அரசியற் சிந்தனையாளர். தாய் மேரி வோல்ஸ்ரன்கிராப்ற் பெண்களின் உரிமைக்காக 1792இல் நூல் யாத்துப் புகழ்பெற்றவர். மகப்பேற்றினால் வந்த காய்ச்சலாலே தாய் செப்ரெம்பர் 10ஆந் திகதி காலமானார். பதினொரு நாட் குழந்தையை விட்டுத் தாய் மறைந்தமையால், தம் பிறப்பே தாயின் இறப்புக்குக் காரணம் என்னும் எண்ணம் அப்பெண்ணோடு கூடவே வளர்ந்தது. தாயின் பெயரையே தமக்கும் பெயராகக் கொண்டவர் அவர். சென்ற் பங்கிரஸ் தேவாலய முற்றத்தில் தாயின் கல்லறைமேற் பொறிக்கப்பட்ட எழுத்துக்களைத் தொட்டே தம் பெயரை எழுதக் கற்றார் என்றும் கூறுவர். தந்தை 1801இல் மறுமணம் செய்தார். மாற்றாந்தாய்க்கும் மேரிக்கும் இணக்கம் இருக்கவில்லை. 1814இல், பதினாறு வயது நிரம்பியிருந்த மேரி, மணமான கவிஞர் பேர்சி ஷெல்லியோடு வீட்டை விட்டு நீங்கினார். தந்தை அவரோடு பேசாதொழிந்தார்.

அடுத்த இழப்பு விரைந்து வந்தது. 1815 பெப்ரவரி 22ஆந் திகதி மேரிக்கு ஒரு பெண்மகவு காலத்துக்கு முன்னரே பிறந்தது. மார்ச் 6ஆந் திகதி காலையில் அது இறந்து கிடக்கக் கண்டார். அதற்குப் பெயரும் இட்டிலர். பதின்மூன்று நாள் கழித்து மார்ச் 19ஆந் திகதி தம் நாட்குறிப்பில் ஒரு கனவை அவர் எழுதி வைத்தார். இறந்த குழந்தை உண்மையில் இறக்கவில்லை, குளிர்ந்து மட்டுமே கிடந்தது, நெருப்பின் முன்னே வைத்துத் தேய்க்க அது உயிர்பெற்றது என்பது அக்கனவு. விழித்தால் குழந்தை இல்லை. பிற்காலத்திலே உலகை அச்சுறுத்திய ஒரு கதையின் வித்து இக்கனவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். அவர் கருத்து ஏற்புடையதோ என்பதை இனி நோக்குவோம்.

1815 ஏப்ரலிலே, இக்காலத்து இந்தோனேசியாவைச் சேர்ந்த சும்பாவாத் தீவில் தம்போரா என்னும் எரிமலை வெடித்தது. அதிலிருந்து எழுந்த தூளும் வாயுவும் வானிற் பரந்து ஞாயிற்றின் ஒளியைக் குறைத்தமையால் 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவிலே கோடைகாலமே இல்லாத ஆண்டு எனப் பெயர்பெற்றது. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஜெனீவா ஏரிக் கரையில் வில்லா டியோடாட்டி என்னும் மாளிகையிலே கவிஞர் பைரனும் அவருடைய மருத்துவர் பொலிடோரியும், அயலில் வதிந்த ஷெல்லி, மேரி முதலியோரும் மழைக்கு அஞ்சி ஒருங்கு கூடினர். பொழுது போதற்கு ஜெர்மானியப் பேய்க்கதைகளைப் படித்தனர். ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் எனப் பைரன் முன்மொழிந்தார். மேரிக்கு அப்போது வயது பதினெட்டு. அவர் தொடங்கிய கதையே நவீனமாக விரிந்து, 1818 ஜனவரி முதலாந் திகதி மூன்று பகுதிகளாக, ஆசிரியர் பெயரின்றி, 500 படிகள் அச்சாகி வெளிவந்தது.

கதையின் சுருக்கம் பலரும் அறிந்தது. விக்ரர் பிராங்கன்ஸ்ரைன் என்னும் மாணவன் தன் தாயைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்துப் பின் பல்கலைக்கழகம் சென்று உயிரின் இரகசியத்தை ஆராய்கிறான். பிணங்களின் உறுப்புக்களை ஒன்றுசேர்த்து ஓர் உருவை ஆக்கி அதற்கு உயிர் கொடுக்கிறான். அது கண் திறந்த அக்கணமே அருவருத்து அஞ்சி ஓடுகிறான். பெயரும் இன்றி, தாயும் இன்றி, தந்தையாலே துறக்கப்பட்ட அவ்வுயிர் அன்பை நாடிச் செல்லுமிடமெல்லாம் கல்லடி பெற்று, முடிவில் ஆக்கியவனின் சுற்றத்தாரை ஒவ்வொருவராக அழிக்கிறது.

இக்கதையை அந்த நாட்குறிப்புக் கனவோடு வைத்து நோக்குக. கனவிலே இறந்தது உயிர்பெறுகிறது. அது தாய்க்குப் பேரின்பம். கதையிலும் இறந்தது உயிர்பெறுகிறது. அது ஆக்கியவனுக்குப் பேரச்சம். செயல் ஒன்றே, அது விளைவிக்கும் உணர்ச்சி நேர்மாறு. இங்கேதான் இழவு அச்சமாகும் முறை விளங்குகிறது. இறந்தார் மீளவேண்டும் என்பது இழந்தாரின் தீராத ஆசை. அவ்வாசையை வாய்விட்டுக் கூறுதல் அழுகையாகும். ஒப்பாரியும் கையறுநிலைப் பாட்டும் செய்வது அதுவே. கோதிக் எழுத்தாளரோ ஓரடி மேலே சென்று, அவ்வாசை நிறைவேறினால் என்னாகும் என்று வினவுகிறார். திரும்பி வருவது நாம் இழந்த அதே உயிர்தானா? அதனை ஏற்கும் வலிமை நமக்கு உண்டா? வினவும்போதே அணங்கு தோன்றிவிடுகிறது. விக்ரர் தன் படைப்புக்கு உயிர் கொடுத்த இரவிலே காணும் கனவு இதற்கு மேலும் ஒரு சான்று: தான் காதலித்த பெண்ணை அவன் முத்தமிடுகிறான், அவள் அவன் கையிலேயே இறந்த தாயின் பிணமாக மாறிவிடுகிறாள். ஆசையும் அச்சமும் ஒரே உருவம் கொள்ளும் இடம் அது.

இனி ஆண்டு முறையைச் சோதிப்போம். நவீனத்திலே முதலிற் கொல்லப்படுவோன் வில்லியம் என்னும் சிறுவன். மேரியின் மகனும் வில்லியம் என்னும் பெயரினன். அவன் 1819 யூன் 7ஆந் திகதி ரோமாபுரியில் மூன்று வயதில் இறந்தான். மகனைப் பறிகொடுத்த துயராலே அப்பகுதியை எழுதினார் என்று விரைந்து கூறிவிட வாசகர் எவர்க்கும் தோன்றும். ஆனால் நூல் 1817 மே மாதத்திலேயே எழுதி முடிந்தது. அக்காலத்தில் மகன் வில்லியம் தாயின் மடியில் உயிரோடு இருந்தான். ஆதலால் அப்பகுதிக்குக் காரணம் நிகழ்ந்த இழப்பு அன்று. நிகழக்கூடும் என்னும் நடுக்கமேயாம். முதற் குழந்தையை இழந்த தாய் இரண்டாங் குழந்தையை அணைக்குந்தோறும் அந்நடுக்கத்தோடுதான் அணைப்பாள். சென்ற இழப்பு வருங்காலத்தின்மேல் நீட்டும் நிழல் என இதனைக் கூறலாம். இது நம் கருத்துக்கு முரணாகாது. மேலும் அரண் செய்வதேயாம்.

நூல் எழுதப்பட்ட காலத்திலும் வீட்டில் இறப்புக்கள் நிகழ்ந்தன. 1816 ஒக்ரோபர் மாதத்தில் மேரியின் தமக்கை பனி தற்கொலை செய்தார். டிசெம்பரில் ஷெல்லியின் முதல் மனைவி ஹரியற்றின் உடல் இலண்டனில் ஒரு நீர்நிலையிலே கண்டெடுக்கப்பட்டது. அம்மாத இறுதியிலே மேரியும் ஷெல்லியும் திருமணம் செய்துகொண்டனர். குற்றமும் துயரும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்த வீட்டிலே இருந்து எழுதியவர், தன்னால் ஆக்கப்பட்டதைக் கைவிட்டவனின் கதையை எழுதியதில் வியப்பில்லை. கதைக்கு வெளியுறையாக அமைந்த கடிதங்கள் ஓர் ஆண்டு டிசெம்பர் 11ஆந் திகதி தொடங்கி மறு ஆண்டு செப்ரெம்பர் 12ஆந் திகதி முடிவன. ஏறத்தாழ ஒன்பது மாதம். அக்கடிதங்களைப் பெறும் பெண்ணின் பெயரின் முதலெழுத்துக்களும் மேரி வோல்ஸ்ரன்கிராப்ற் ஷெல்லி என்பதன் முதலெழுத்துக்களும் ஒன்றே. இதனைத் தாயின் கருக்காலத்தோடும் இறந்த நாளோடும் இணைத்துக் காண்பார் உளர். கவர்ச்சியான கருத்தாயினும் ஆசிரியர் கதை நிகழ்ந்த ஆண்டை முழுமையாகத் தரவில்லையாதலின், அதனைக் குறிப்பாகக் கொள்ளலாமன்றி முடிபாகக் கொள்ளல் தகாது.

பின்வந்த இழப்புக்கள் மேரியின் எழுத்தை எங்கே கொண்டு சென்றன? 1818 செப்ரெம்பரில் ஒரு வயது நிரம்பிய மகள் கிளாரா வெனிஸ் நகரில் இறந்தாள். அடுத்த ஆண்டு வில்லியம். 1822 யூலை 8ஆந் திகதி கணவர் ஷெல்லி இத்தாலியக் கடலிற் படகு கவிழ்ந்து மாண்டார். நான்கே ஆண்டுக்குள் இவ்வளவும் நிகழ்ந்தன. 1826இல் அவர் வெளியிட்ட கடைசி மனிதன் என்னும் நவீனத்திலே கொள்ளைநோய் மானுடம் முழுவதையும் அழிக்க, ஒருவன் மட்டும் எஞ்சி நிற்கிறான். இதிலே இறந்தோர் எவரும் எழுந்து வருவதில்லை. மீள்வர் என்னும் ஆசை அற்றுப்போன இடத்தில் அச்சமும் அற்றுப்போகிறது. வெறுமை மட்டும் நிற்கிறது. இழப்புப் பெருகப் பெருகத் திகில் பெருகும் என்று எண்ணுவோர்க்கு இஃது ஓர் திருத்தமாகும். திகிலுக்குத் துயரோடு நம்பிக்கையின் எச்சமும் வேண்டும்.

தனித்துயர் ஒன்றே நூலை ஆக்கிற்று என்றும் கொள்ளற்க. தவளைக் கால்களை மின்னாற் துடிக்கச் செய்த கல்வானியின் சோதனையும், அவர் மருகர் அல்டினி 1803இல் இலண்டனிலே தூக்கிலிடப்பட்டவன் ஒருவனின் உடலிற் செய்து காட்டிய சோதனையும் அக்காலத்துப் படித்தோர் நாவிலே இருந்தவை. 1831ஆம் ஆண்டுப் பதிப்பின் முன்னுரையில் மேரியே இவ்வகை ஆராய்ச்சிகளைக் குறிப்பிடுகிறார். அறிவியல் கதைக்குக் கருவியைத் தந்தது. எரிமலையும் மழையும் தருணத்தைத் தந்தன. பைரன் தூண்டுதல் தந்தார். அன்றிரவு போட்டிக்கு உடன்பட்ட ஏனையோர்க்கும் இவையெல்லாம் கிடைத்தனவே! ஆக்கியவனாலே கைவிடப்பட்ட குழந்தையின் ஏக்கத்தை அவ்வசுரனின் வாயிலே வைக்க அவருள் ஒருவர்க்கே இயன்றது. அந்த வேறுபாட்டை விளக்குவதற்கே வாழ்க்கை வரலாறு வேண்டப்படுகிறது.

இனித் தமிழுக்கு வருவோம். விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன் 1906 ஏப்ரல் 25ஆந் திகதி திருப்பாதிரிப்புலியூரிற் பிறந்தார். தாயை இழந்தபோது அவர்க்கு வயது எட்டு. தந்தை மறுமணம் செய்தார். திருநெல்வேலி இந்துக் கல்லூரியிற் பயின்று 1931இற் பட்டம் பெற்றார். தந்தையோடு கருத்து வேறுபட்டுச் சென்னை சென்று மணிக்கொடி, தினமணி முதலிய ஏடுகளிலே தொண்டாற்றினார். தாயின் இறப்பு, மாற்றாந்தாய், தந்தையோடு பிணக்கு, வறுமை என்னும் நான்கும் மேரிக்கும் இவர்க்கும் பொது. இவ்வொற்றுமை கருதியே பிரேத மனிதனை அவர் தேர்ந்தார் என்று கூற நம்மிடம் சான்றில்லை. ஆயினும் தாயில்லாப் பிள்ளையொருவர் எழுதிய கதையைத் தாயில்லாப் பிள்ளையொருவர் தமிழாக்கினார் என்பது வரலாற்று உண்மை.

அவர் தாமே எழுதிய கதைகளிலும் அச்சத்தின் சாயல் உண்டு. 1943இற் கலைமகளில் வெளியான காஞ்சனை அவற்றுள் தலையாயது. பிச்சை கேட்டு வந்த ஒருத்தியை இல்லத்தரசி வேலைக்கு அமர்த்திக்கொள்ள, அன்று முதல் கணவனுக்கு உறக்கமும் அமைதியும் கெடுகின்றன. வந்தவள் மானுடப் பெண்ணோ அணங்கோ என்பதை ஆசிரியர் கடைசிவரை தீர்த்துக் கூறவில்லை. மனைவியை இழந்துவிடுவோமோ என்னும் நடுக்கமே அக்கதையின் உயிர்நிலை. வில்லியம் என்னும் சிறுவனைப் பற்றி மேலே கூறியது இதற்கும் பொருந்தும்: இக்கதையை எழுதிய காலத்தில் அவர் மனைவியார் உயிரோடு இருந்தார்; கணவரை இழந்து பல்லாண்டு வாழ்ந்தவரும் அவரே. இளமையிற் பெற்ற அடி முதுமைவரை எதிர்பார்ப்பாக நிற்கும் என்பதற்கு இஃது இன்னொரு சான்றாகலாம்.

அதே ஆண்டு வெளியான செல்லம்மாள் என்னும் கதையில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. சென்னையிலே துணிக்கடையில் ஊழியம் புரியும் பிரமநாயகம் பிள்ளை, நோயுற்ற மனைவியைத் தாமே பேணி, அவள் இறக்கக் காண்பதே கதை. காய்ச்சலின் மயக்கத்தில் அவள் கணவனைத் தன் தாய் என்றே எண்ணிப் பேசுகிறாள். அவரும் தாயாகவே நின்று விடை கூறுகிறார். மீளாத தாய் மயக்கத்தின் வழியாகவேனும் ஒருமுறை மீண்டு வருகிறாள். மேரியின் கதையிலே மீட்சி அச்சத்தை விளைத்தது; இங்கே அது இரக்கத்தை விளைக்கிறது. காரணம் வெளிப்படை. விக்ரர் தன் முன் எழுந்ததைக் கண்டு ஓடினான். பிரமநாயகம் பிள்ளை ஓடவில்லை. மீண்டு வருவதை ஏற்று நிற்பாரிடத்து அணங்கு அணங்காக நிற்பதில்லை என்பது இவ்விரு கதைகளையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்குப் புலப்படும். 1948 யூன் 30ஆந் திகதி காசநோயாலே திருவனந்தபுரத்தில் அவர் காலமானபோது, அவர் வீட்டிலும் இரண்டு வயதுப் பெண்மகவு ஒன்று தந்தையை இழந்து நின்றது.

இவ்வுண்மை நம் மட்டக்களப்பு மக்களுக்குப் புதிதன்று. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய இடங்களிலே, வைகாசித் திங்களிற் கண்ணகையம்மன் சடங்கு நிகழும், பண்டிதர் வி. சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரை ஆங்கே படிக்கப்படும். கணவனை இழந்த ஒரு பெண்ணின் துயரம் நகரை எரிக்கும் சினமாகி, கண்டார் அஞ்சும் தெய்வமாகும் வரலாறு அது. இழவு அணங்காகும் முறைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை. நம் முன்னோர் அத்தெய்வத்தை விரட்டினாரல்லர். ஆண்டுதோறும் வரவேற்று, வழக்கை முழுதும் கேட்டு, இறுதியிலே குளிர்த்தி பாடி, வேப்பிலையும் நீரும் கொண்டு குளிர்வித்தனர். கேட்டபின்னரே குளிர்த்தல் என்னும் இம்முறைமையிலே ஆழ்ந்த மனவியல் அறிவு அடங்கியுள்ளது.

ஆங்கிலப் பெருநூலைத் தமிழ்க் கண்கொண்டு நோக்கும் வழியை நமக்குக் காட்டியவரும் இம்மண்ணின் மைந்தரே. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1926இல் வெளியிட்ட மதங்கசூளாமணியிலே ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடும் மெய்ப்பாட்டோடும் பொருத்தி ஆராய்ந்தார். மேரி ஷெல்லியின் நவீனத்தைத் தொல்காப்பியரின் இழவு, அணங்கு என்னும் சொற்களால் விளக்க முயல்வது அவர் வகுத்த நெறியிற் செல்லும் சிறு முயற்சியே.

இம்முயற்சிக்கு இன்னொரு தேவையும் உண்டு. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியையும், 2004 டிசெம்பர் 26ஆந் திகதி நாவலடி முதலிய கரையோர ஊர்களை அழித்த ஆழிப்பேரலையையும், முப்பதாண்டுப் போரையும் கண்டது இப்பிரதேசம். உடல் கிடைக்காமையால் ஈமக்கடனும் செய்யப்பெறாதார் இங்கே பலர். காணாமற்போன மகன் இருக்கின்றானோ இறந்தானோ என்று தெளிய மாட்டாது காத்திருக்கும் தாய்மாரும் பலர். இறந்தார் என்றும் இருக்கிறார் என்றும் கூறமுடியாத நிலையே கோதிக் கதை பிறக்கும் நிலைக்களன் என்பதை மேலே கண்டோம். அத்தகைய வீட்டில் வளரும் மாணவன் பள்ளிக் கட்டுரையிலே பேயைப் பற்றி எழுதினால், மூடநம்பிக்கை என்று சிவப்பு மையினாற் கோடிடுதல் எளிது. அவன் எழுதும் பேய் யார் என்று அறிய முயல்தலே ஆசிரியர்க்கு அழகு. விக்ரர் செய்த பிழை உயிரைப் படைத்தமையன்று என்றே அந்நவீனம் நம்மை எண்ணத் தூண்டுகிறது. படைத்ததன் முகத்தை நோக்கி அதன் சொல்லைக் கேளாது ஓடினமையே அவன் பிழை.

தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் பெறப்படும். தனித்துயர் எழுத்தாளர்க்குக் கதைநிகழ்ச்சியை நேராகத் தருவதில்லை; இறந்தார் மீளவேண்டும் என்னும் ஆசையைத் தருகிறது; அவ்வாசையை அஞ்சாது சோதிக்கும்போது அச்ச இலக்கியம் பிறக்கிறது. சென்ற இழப்பு வருங்கால இழப்பைப் பற்றிய நடுக்கமாகவும் எழுத்திலே தோன்றுமாதலால், ஆண்டு முறையைப் பாராது வாழ்வையும் எழுத்தையும் பிணைத்தல் பிழையாகும். மீட்சியின் நம்பிக்கை முற்றும் அற்றவிடத்து அச்சமும் அற்று வெறுமையே எஞ்சும். இழவை அழுகைக்கும் அணங்கை அச்சத்துக்கும் உரியதாக்கிய தொல்காப்பியரின் வகுப்பு இதனாற் பிழைபடவில்லை. ஒரு வாயிலிற் புகுந்த துயர் மற்றொரு வாயிலால் வெளிப்படுதலும் உண்டு என்பதே நாம் சேர்க்கத்தக்கது. பெயரிடப்படாது இறந்த ஒரு குழந்தை 200 ஆண்டுக்கு மேலாகப் பெயரில்லாத ஓர் அசுரனாக உலகத்து நூலகங்களில் உலவி வருகின்றது. அதனைக் கண்டு அஞ்சுவோர், அதன் தாயையும் ஒருகணம் எண்ணுவாராக.